காற்றுச்சாமியின் காவித்துண்டு

எழுபத்து நான்காம் வருஷத்து மார்கழியில் மைலாப்பூர் பக்தர்களுக்கு இரண்டு வேலை இருந்தது. மற்ற நாள்களில் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்குவது. ஞாயிற்றுக்கிழமை லஸ் முனைக்குப் போய்ப் பலூன் வாங்குவது.

பலூனா என்று சிரிக்காதீர்கள். வாயுபட்சண சுவாமிகள் தம் திருவாயால் ஊதிய பலூன் அது. ‘ஒரு பலூன், ஒரு வேளைச் சாப்பாடு’ என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்து, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்ச வேண்டும். காணிக்கை ஐந்து ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே ஓட்டலில் டிபன் சாப்பிடலாம்தான். ஆனால் ஓட்டல்காரன் மோட்சம் தருவானா?

சுவாமிகள் பன்னிரண்டு வருஷமாகச் சோறு தண்ணீர் தொட்டதில்லையாம். காற்றுதான் ஆகாரம். அதனால் ஜனங்கள் காற்றுச்சாமி என்றார்கள். உட்கார்ந்த இடத்தில் பட்டினி கிடக்கும் சாமியார்கள் ஊரில் ஏராளம். இவர் ஓடிக் காட்டுவார். ஞாயிறு விடியற்காலை லஸ்ஸில் புறப்பட்டு, அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் கடற்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். இப்படி இரண்டு சுற்று, பதினாறு மைல். தோளில் தடித்த காவித்துண்டு ஒன்று. வழியெல்லாம் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்வார்கள். நனைந்த துண்டின் நுனியைப் பல்லால் கடித்தபடி அவர் ஓடுவார். பிராணவாயு வெளியே போகாமல் அடைக்கிறாராம்.

அதிசயம் அத்தோடு நிற்கவில்லை. அவருடைய வியர்வையில் சர்க்கரைப் பொங்கல் மணந்தது. ஓட்டம் முடிந்து அவர் உட்கார்ந்தால், எறும்புகள் வரிசையாக வந்து பிரதட்சணம் செய்தன.

“சாமி தேகத்துல அமிர்தம் ஊறுது, தெரிஞ்சுக்கிடுங்க. மனுஷன் பொய் சொல்லுவான். எறும்பு பொய் சொல்லுமா?” என்று கேட்பார் சண்முகசுந்தரம். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், சுவாமிகளின் கமிட்டித் தலைவர்.

எறும்பு பொய் சொல்லவில்லைதான். அதை யாரும் சரியாக விசாரிக்கவில்லை, அவ்வளவே.

இந்தக் கூட்டத்தில் பக்தி முற்றிப்போன ஒருவன் கணேசமூர்த்தி. ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தா. ஆறு வருஷமாகத் தற்காலிகம். மானேஜருக்கு விளையாட்டுப் பைத்தியம். “தை மாசம் நடக்கிற இருபத்தாறு மைல் ஓட்டத்தை முழுசா ஓடி முடிச்சிடு, வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டார்.

அன்று முதல் கணேசமூர்த்தி வாரத்துக்கு எழுபது மைல் ஓடினான். ஊரே மப்ளர் சுற்றிக்கொண்டு நடுங்கும் பனியில் பனியனோடு ஓடினான். காலில் குறையில்லை, மூச்சில் குறையில்லை. குறையெல்லாம் வயிற்றில். “வயிற்றில் சோறு இருந்தால் காற்றுக்கு ஏதப்பா இடம்?” என்று சுவாமிகள் கேட்டுவிட்டார். ஆகவே இடுப்பைச் சுற்றி ஆறு பலூன் கட்டிக்கொண்டு ஓடினான். நாலு மைலுக்கு ஒன்று உறிஞ்சினான். கோயில் வாசல்களில் ஆவி பறக்கப் பொங்கலை நீட்டினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினான். பதினெட்டாவது மைலில், ஊரூர் குப்பத்துப் பக்கம், கண் இருட்டிப் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான். ஒரு வாரமா, இரண்டு வாரமா? ஒவ்வொரு வாரமும் அதே பதினெட்டு. மீன்காரப் பெண்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி அனுப்பினார்கள்.

“ஆபீஸ்ல நிரந்தரம் ஆகறீங்களோ இல்லையோ, ஆஸ்பத்திரியில நிரந்தரம் ஆயிடுவீங்க” என்றாள் மனைவி நீரஜா.

சுவாமிகளிடம் போய் அழுதான். “விசுவாசம் போதவில்லை. இனிமேல் எட்டுப் பலூன்” என்றார் அவர்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. அந்த ஞாயிறு சுவாமிகளைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. கணேசமூர்த்திக்கு ஒரு யோசனை. சாமி துண்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தால் புண்ணியம், விசுவாசமும் கொஞ்சம் ஏறும். சனிக்கிழமை, கோபாலபுரத்தில் சுவாமிகள் தங்கியிருந்த பங்களாவின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்தான். ஆபீஸ் முனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் கன்னியம்மாவிடம் பயபக்தியோடு நீட்டினான்.

கன்னியம்மா அதைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

“இன்னா நைனா இது, துண்டா அப்பளமா?”

“சாமி துண்டு. பக்தியோட தேய்க்கணும்.”

பக்தியோடுதான் தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டி அரை முழம் போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. புகை வந்தது. ஆழ்வார்பேட்டை முழுக்கப் பாகு காய்ச்சிய வாசனை. பெட்டியடியில் அப்பியிருந்ததைச் சுரண்டி முகர்ந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“வெல்லம்பா. பாகுல முக்கிக் காய வச்சிக்கீறான். மேல தண்ணி ஊத்துனா பானகம். உறிஞ்சிக்கினே ஓடறான்.”

“அது அமிர்தம்.”

“அமிர்தம்னா பொட்டில அடை புடிக்குமா? இருவது வருசமா இங்க நிக்கறேன். கஞ்சி போட்ட துணி தெரியும். வெல்லம் போட்ட துணி இப்பத்தான் பாக்கறேன்.”

“சாமியைப் பத்தி அப்படிப் பேசாதீங்க.”

“சரி, பேசல. வெந்நில நல்லா அலசித் தரேன். காத்தத் துன்னுட்டு ஓடறவருக்குத் துண்டு சுத்தமா இருந்தா இன்னா நஷ்டம்?”

கணேசமூர்த்தி கணக்குப் போட்டான். இவள் சொல்வது தப்பென்றால் சாமி குற்றம். சரியென்றால் இத்தனை வாரப் பட்டினியும் தண்டம். இரண்டுக்கும் பயமாகத்தான் இருந்தது. “அலசுங்க” என்றான்.

மறுநாள் விடியற்காலை லஸ் முனையில் ஒரே கூட்டம். துண்டைக் காணாமல் சுவாமிகள் வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். கணேசமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மடிப்புக் கலையாத துண்டை எல்லார் முன்னாலும் அவர் தோளில் போட்டு நமஸ்கரித்தான். அது பூப்போல மெத்தென்று விழுந்தது. சுவாமிகளின் முகம் விழுந்தது. ஆனால் படம் எடுத்துவிட்டார்கள், மேளமும் கொட்டிவிட்டார்கள். ஓடாமல் என்ன செய்வார்?

ஓடினார். கணேசமூர்த்தியும் எட்டுப் பலூனோடு பக்கத்திலேயே ஓடினான். அபிஷேகம் ஆயிற்று. சுவாமிகள் ஒரு நுனியைக் கடித்தார். முகத்தைச் சுளித்தார். அடுத்த நுனியைக் கடித்தார். முதல் சுற்று முடிவதற்குள் நாலு நுனியையும் கடித்துவிட்டு, நடுவில் கடிக்க ஆரம்பித்தார். “சாமி இன்னிக்குத் துண்டுக்கு அருள்பாலிக்கிறார்” என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் சுற்றில் பெசன்ட் நகர் வரும்போது சுவாமிகளின் கால் பின்னிற்று. குப்பத்து ஓரத்தில் ஹாஜிரா பீ ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். சுவாமிகள் கடல் பக்கம் திரும்பவில்லை. ஆப்பத்தின் பக்கம் திரும்பினார்.

கணேசமூர்த்தி பதறிப்போய் ஒரு பலூனை அவிழ்த்து நீட்டினான். “சாமி, இதோ பலூன் இருக்கு. உங்க காத்துதான்.”

“அட போய்யா, காத்தைத் தின்னா பசி அடங்குமா?” என்றார் சுவாமிகள்.

பின்னாலேயே காரில் வந்த கமிட்டி அதைக் கேட்டது. கூட்டம் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஹாஜிரா பீ மட்டும் தன் வேலையில் கண்ணாக, “சட்னியா, தேங்காய்ப்பாலா?” என்று கேட்டாள்.

“ரெண்டும்” என்றார் பன்னிரண்டு வருஷப் பட்டினிக்காரர். பதினோரு ஆப்பம் உள்ளே போயிற்று.

சண்முகசுந்தரம் சமாளித்தார். “சாமி நம்ம பசியை எல்லாம் தான் வாங்கிக்கிடுதாரு, கும்பிடுங்க.”

“அப்புறம் எனக்கு ஏங்க பசிக்குது?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

வேடிக்கை பார்க்க பஸ் ஏறி வந்திருந்த கன்னியம்மா முன்னால் வந்தாள். “நேத்து அந்தத் துண்டை வெந்நில நான்தான் அலசினேன். அலசின தண்ணிய வண்டிகிட்ட ஊத்தினேன். ஆழ்வார்பேட்டை எறும்பு மொத்தமும் என் வண்டியத்தான் பிரதட்சணம் பண்ணிக்கினு கீது. போய்ப் பாத்துட்டு வாங்க.”

சுவாமிகள் கை கழுவப் போனார். கழுவிய கையோடு எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது.

கணேசமூர்த்திக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஏமாற்றியவன்மேல் பாதி, ஏமாந்த தன்மேல் பாதி. மிச்சமிருந்த பலூன்களைக் குப்பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஹாஜிரா பீ முன்னால் உட்கார்ந்து மூன்று ஆப்பம் சாப்பிட்டான். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு எழுந்து ஓடினான். பதினெட்டாவது மைல் வந்தது. வந்த வழியே போய்விட்டது. அவன் உட்காரவில்லை.

தை மாதப் பந்தயத்தில் அவனுக்குக் கிடைத்தது பதினான்காவது இடம்தான். ஆனால் இருபத்தாறு மைலையும் முழுசாக ஓடி முடித்தான். விடியுமுன் நீரஜா கையால் பொங்கல், வழியில் வாழைப்பழம், டவுசர் பையில் நாலு வெல்லக்கட்டி. எறும்பு வந்தால் வரட்டும் என்று எல்லார் பார்க்கவும் கடித்துக்கொண்டே ஓடினான். மானேஜர் வாக்குத் தவறவில்லை.

நிரந்தர உத்தரவைக் காட்டக் கன்னியம்மாவிடம் போனான். அங்கே நின்றபடி ஒரு சேதியும் சொன்னான். பனகல் பார்க்கில் வெயிலை மட்டும் சாப்பிட்டு உயிர்வாழும் ஒரு சாமியார் வந்திருக்கிறாராம். சண்முகசுந்தரம்தான் கமிட்டித் தலைவராம். கூட்டம் லஸ்ஸை விட அதிகமாம்.

“அந்தாளு துண்டையும் கொஞ்சம் அலசிக் குடுங்களேன்” என்றான் கணேசமூர்த்தி.

கன்னியம்மா பெட்டியில் கரியை ஊதிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “துண்டை நான் வெளுத்துக் குடுத்துக்கினே இருப்பேன் நைனா. மண்டைய அவங்கவங்கதான் வெளுத்துக்கணும்.”