இருபத்துமூன்றாம் சைட்டின் ஆட்சேபணை

சைட் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வாங்கிய இடத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஒரு ரகம். அடுத்தவர் கட்டுவதை ஆட்சேபிப்பதற்காகவே வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாம் ரகத்தில் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கொத்தனார் கலவைச் சட்டியை இறக்கி வைக்கட்டும், கால் மணி நேரத்தில் அவருடைய சைக்கிள் வந்து நிற்கும்.

சிங்காநல்லூர்ப் பக்கம் அவர் பெயர் தம்பிதுரை. மில் ஸ்டோரில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு, தொண்ணூற்றிரண்டில் ஓய்வு பெற்றவர். அங்கே நாற்பது பேர் சேர்ந்து வாங்கிப்போட்ட இடத்தில் இருபத்துமூன்றாம் நம்பர் சைட் அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக அதில் இருப்பது நாலு எல்லைக்கல்லும் கொஞ்சம் எருக்கஞ்செடியும்தான். அவரும் மனைவி சாந்தாமணியும் பக்கத்துத் தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

சைக்கிளில் ஒரு மஞ்சள் பை தொங்கும். பையில் ஐம்பது அடி டேப், ஒரு தூக்குக்குண்டு, சைட் உரிமையாளர் சங்கத்தின் விதிப் புத்தகம். கோபப்படுவாரா? ஒருநாளும் இல்லை. மற்ற ஊர்களில் சத்தம் போட்டு இடிப்பார்கள்; இவர் 'ங்க' போட்டு இடிப்பார். உக்கடத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீது, சமையலறை ஜன்னலுக்கு மேலே இரண்டரை அடி சன்ஷேடு போட்டிருந்தார். அவர் குடிபுகுந்த அன்றைக்கு, முதல் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டு, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறி டேப்பைத் தொங்கவிட்டார் தம்பிதுரை.

"ஏனுங்க பாய், பிரியாணி அருமைங்க. சன்ஷேடு ஒரு அடி நீளமுங்க. இடிச்சுப்போடுங்க."

"மழை பேஞ்சா அடுப்பு நனையுமுங்களே?"

"எனக்கொண்ணுமில்லீங்க. ரூல் இருக்குதுங்களே."

அன்றைக்கு அப்படி ஒரு ரூல் இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது; சன்ஷேடில் ஒரு அடி போனது. சங்கத் தலைவர் பொங்கியண்ணன் டீ ஆறிவிடுமே என்ற கவலையில் எதற்கும் கையெழுத்துப் போடுகிறவர். விதிப் புத்தகம் இப்படித்தான் வளர்ந்தது. ஒருவர் மாடிப்படியை வெளியே வைத்தால் மாடிப்படிக்கு ஒரு விதி, ஒருவர் கேட்டை அகலமாக வைத்தால் கேட்டுக்கு ஒரு விதி, பின்னால் ஐந்தடி காலி, பக்கத்தில் நாலடி காலி, செப்டிக் டேங்கிலிருந்து கிணற்றுக்கு இத்தனை அடி, எந்த பிளானையும் கார்ப்பரேஷன் ஆபீசுக்குக் கொண்டுபோகும் முன்னால் சங்கத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று வாங்கவேண்டும் என்று பதினேழு விதிகள். வாடகைக்கு இருந்த ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டார். அதற்காக ஒன்பதாம் விதி: பத்திரத்தில் பெயர் இல்லாதவர் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது, திறந்தாலும் செல்லாது.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஓட்டு வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், தை பிறந்ததும் வீடு வேண்டும் என்றார். சாந்தாமணி கணவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஊருல இருக்கற ஊட்டையெல்லாம் அளந்துபோட்டீங்க. எனக்கொரு ஊடு எப்பங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே வெட்கப்பட்டார். மறுநாளே இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் பதினேழு விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தார். ஓர் அறையும் ஒரு குளியலறையும் வந்தன.

"சமைக்கறது எங்கீங்க?" என்றாள் சாந்தாமணி.

"ரூல்ல அதுக்கு இடமில்லீங்கம்மா."

அவள் பென்சிலை வாங்கித் தானே சமையலறையைப் போட்டாள். பின்னால் விடவேண்டிய ஐந்தடியில் இரண்டடி அதற்குள் போனது. மேலே இரண்டரை அடி சன்ஷேடு.

அந்த பிளான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தது. தம்பிதுரைக்கு வேர்த்தது. படியை இழந்தவர், கேட்டை இழந்தவர் எல்லோரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்தவர் வஹீது.

"எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. அடுப்பு நனைஞ்சா என்ன பாடுன்னு எங்கூட்டுல தெரியுமுங்க. அம்மணி நல்லபடியா கட்டிக்கட்டும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். யாரும் பழசைக் கிளறவில்லை. தம்பிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. பொங்கியண்ணன் பேனாவைத் திறந்து, வழக்கப்படி கேட்டார்.

"யாருக்காச்சும் ஆட்சேபணை உண்டுங்களா?"

ஒரு கை எழுந்தது. தம்பிதுரையின் கை.

"சன்ஷேடு ஒரு அடி நீளமுங்க," என்றது அவர் வாய்.

கூட்டம் திகைத்தது. அவரும் திகைத்தார். பதினோரு வருஷமாக அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் தூக்கிப் பழகிய கை, இறக்க மறந்துபோய் மேலேயே நின்றது. தை மாதம் தெருவில் நிற்கப் போகிறவர்கள் தாங்கள்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "எனக்கொண்ணுமில்லீங்க. ரூல்..." என்று ஆரம்பித்தார்.

பின்வரிசையிலிருந்து சாந்தாமணி எழுந்தாள்.

"ஏனுங்க தலைவரே, ஒம்பதாவது ரூலைப் படிங்க."

பொங்கியண்ணன் படித்தார்.

"என்ற பேர்லதானுங்க பத்திரம் இருக்குது. எங்கப்பாரு போட்ட நகையை வித்து நான் வாங்குன சைட்டு." முந்தானையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எங்கூட்டுக்காரரு இங்க வாய் தொறக்கப்படாதுங்க. தொறந்தாலும் செல்லாதுங்க."

பொங்கியண்ணன் பத்திரத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வஹீது மட்டும் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பிடின்னா, பதினோரு வருசமா இவரு சொன்னது எதுவுமே செல்லாதுங்களா? இடிச்சுப்போட்ட என்ற சன்ஷேடு?"

அந்தத் தையில் சிங்காநல்லூர்ப் பக்கம் கொத்தனார் ஒருவர்கூட வேறு வேலைக்குக் கிடைக்கவில்லை. போன படி வந்தது, போன கேட் வந்தது. சாந்தாமணியின் புது அடுப்பிலும் வஹீது வீட்டு அடுப்பிலும் சாரல் அடிப்பதில்லை. தம்பிதுரையின் டேப்பைத் துணி காயப்போடக் கொல்லையில் கட்டியிருக்கிறாள். அவர் அதைப் பார்த்து, இரண்டு முனைக்கும் நடுவே பதினெட்டு அடி என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். பக்கத்துச் சைட்டில் செங்கல் லாரி வந்து நின்றால் உங்கள் கால் முதலில் எங்கே போகிறது? மொட்டை மாடிக்குத்தானே? சுவர் இந்தப் பக்கம் ஓர் அங்குலம் வந்திருக்கிறதோ என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதில்லையா? நீங்கள் அந்த ரகம்தான் என்று நான் எழுதுகிறேன்.

ஆட்சேபணை இருந்தால் கையைத் தூக்குங்கள்.