காத்தாடி நின்ற அறையும் நாற்பத்திரண்டு பூதங்களும்

ஏழாயிரம்பண்ணை,
செவ்வாய்க்கிழமை.

ஆனைக்குட்டத்தில் குடியிருக்கும் தங்கச்சி பத்திரகாளிக்கு அக்கா மாடத்தி எழுதுவது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் கடுதாசி என்றால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார், அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் கேட்கிறேன். சௌகரியம்தானே? உன் வீட்டுக்காரர் நாகையாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நாம் பேசி ஒன்பது வருசம் இரண்டு மாதம் ஆகிறது. மறந்திருப்பேன் என்று நினைக்காதே. உன் வீட்டுக்குள் பட்டாசுக்குக் கள்ளத்தனமாகக் கருந்திரி செய்கிறீர்கள் என்று யாரோ போலீஸுக்கு போன் போட்டு, நாகையா பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்த மறுநாள், நம் தெருக் குழாயடியில் நின்று, "கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டா" என்று ஊர் கேட்கக் கத்தினாய். அன்றைக்கு நீ கட்டியிருந்தது ஊதாச் சேலை, மஞ்சள் கரை, முந்தியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மறுவாரமே வீட்டைக் காலிசெய்துகொண்டு ஆனைக்குட்டம் போனாய். போன் போட்டது நான் இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அது கிடக்கட்டும். இங்கே நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போவேன், அதனால் உனக்கு எழுதுகிறேன். என் மகன் வழிப் பேத்தி சினேகா, சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறவள், என்னோடுதான் இருக்கிறாள். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இந்த ஞாயிறு மத்தியானம் பார்க்கிறேன், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்த அறையில் காத்தாடி ஓடவில்லை. கரண்டு இருக்கிறது. ஜன்னலும் சாத்தியிருக்கிறது. ஏட்டி, இருபத்தாறு வருசம் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து அறையில் உட்கார்ந்தவள் நான். இந்த வேக்காட்டில் காத்தாடியை நிறுத்திவிட்டு உட்காருகிறவர்கள் யார்? மருந்து பறந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள்தானே? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் குப்பிகள். ஒன்றில் வெள்ளியாக மின்னுகிறது, அலுமினியப் பொடியேதான். ஒன்றில் மஞ்சள், கந்தகமேதான். வாடையோ மூக்கைத் துளைக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவள் தோளில் நைலான் துப்பட்டா!

செருப்பைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், கதவை உதைத்துத் திறந்தேன். முதல் வேலையாகத் துப்பட்டாவை உருவி வெளியே எறிந்தேன். நைலான் உரசினால் பொறி வரும் என்பது படித்த பிள்ளைக்குத் தெரியவில்லையே! அப்புறம் இரண்டு வாளித் தண்ணீரை மேசைமேல் கொட்டி, அதற்கு மேல் ஒரு வாளி மண்ணையும் போட்டேன். கம்பெனியில் பழகிய கை, என்னைக் கேட்காமலே செய்துவிட்டது.

"அப்பத்தா! என் படையெல்லாம் போச்சே!" என்று அலறினாள்.

"படையா? எம்புட்டு நாளாட்டி வீட்டுக்குள்ள திரி செய்யுற? இரு, போலீஸுக்குப் போடுறேன்" என்று போனை எடுத்தேன்.

"சொந்தப் பேத்தியவே போலீஸ்ல சொல்லுவியா?"

அதற்கு நான் சொன்ன பதில் உனக்கு வேண்டாதது.

மண்ணைத் துடைத்துப் பார்த்தால், என்னத்தைச் சொல்ல, கட்டைவிரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் பொம்மைகள்! நாற்பத்திரண்டு! மண்டையோட்டுத் தலையோடு வேல் பிடித்தவன், பன்றிப் பல்லும் பச்சை உடம்புமாக ஒருவன், சிறகு முளைத்த பல்லி ஒன்று. இதுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, மயிரிழைத் தூரிகையால் வர்ணம் தீட்டி, மேசையில் நிறுத்தி, ஆட்டத்துக்கு ஒரு கதை கட்டி, இருபது முகப் பகடையை உருட்டிச் சண்டை விடுவார்களாம். காத்தாடி ஓடினால் ஈர வர்ணத்தில் தூசி ஒட்டுமாம், அதற்கு நிறுத்தினாளாம்! இருபத்துநாலு வயசு! அந்த வயசில் எனக்கு மூன்று பிள்ளை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி கேள். போன கதையில் ராஜாவாக நின்ற அதே பொம்மை, இந்தக் கதையில் வழிப்பறிக்காரன். வாள் பிடித்த கையைப் பிடுங்கிவிட்டு விளக்குப் பிடித்த கையை மாட்டினால் ஆளே வேறாம். "நேத்து நம்மள வெட்டுனவன் இன்னைக்கு எப்படிட்டி நம்ம பக்கம் நிப்பான்?" என்று கேட்டேன். "அது போன கதை அப்பத்தா, முடிஞ்சு போச்சு" என்கிறாள். முடிந்து போச்சாம்! முப்பது வருசத்துக்கு முந்தி என்னைத் திட்டிய போர்மேன் காளிராஜையே நான் இன்னும் முடிக்கவில்லை.

அவள் அட்டையில் கட்டிய கோட்டை ஊறிக் கூழாகிவிட்டது. வர்ணமெல்லாம் வழிந்துவிட்டது. வருகிற ஞாயிறு சிநேகிதி வேல்விழியோடு ஆட்டம். பிள்ளை சோறு தின்னாமல் அழுதாள். கெடுத்தவள் நான், அதனால் தூரிகையை அவள் கையிலிருந்து நானே வாங்கினேன். எந்த நிறம் வேண்டுமானாலும் அடி என்றாள். எனக்கா நிறம் தெரியாது? பச்சை உடம்புக்காரனுக்குக் காளிராஜ் என்னைத் திட்டிய அன்றைக்குப் போட்டிருந்த காக்கிச் சட்டை, மேல் பொத்தான் இல்லாமல். சிறகுப் பல்லிக்கு, என் நாத்தனார் என்னைக் கேட்காமல் எடுத்து உடுத்திய என் அரக்குச் சேலை. இரண்டே நாளில் நாற்பத்தொரு பொம்மைக்கும் நான் இன்னும் முடிக்காத ஆள் கிடைத்துவிட்டது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "இத்தன பேரா பாட்டி?" என்று பார்க்க வந்த வேல்விழி வாயைப் பிளந்தாள். "இது பாதிதான்" என்றேன்.

உன் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், காத்தாடி நின்றால் கவனி என்று சொல்லவே எழுதினேன். வேறு பேச்சு இல்லை. குழாயடியில் சொன்னதற்கு நீ மன்னிப்புக் கேட்கிறவரை இந்த வாசல் உனக்கு இல்லை. உன் பிள்ளைகுட்டிகளை நோய்நொடி அண்டாமல் காளியம்மன் காக்கட்டும். உன்னையும் கொஞ்சம் காக்கட்டும்.

கூடப் பிறந்த பாவத்துக்கு,
மாடத்தி

பின்குறிப்பு: சினேகா இதைப் படித்துவிட்டு, அன்றைக்கு அவளுக்குச் சொன்ன பதிலை எழுதினால்தான் தபாலில் போடுவேன் என்கிறாள். எழுதுகிறேன். "சொல்லுவேன். கூடப் பொறந்தவளையே சொன்னவதான்ட்டி நான்." ஆமாம் பத்திரகாளி, போன் போட்டது நான்தான். கொடியில் திரி காய்ந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே பாயில் உன் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் தூங்கினார்கள், நாலடி தள்ளி அடுப்பு எரிந்தது. நேரில் நாலு தடவை சொன்னேன், நாலு தடவையும் சிரித்தாய். நாற்பத்திரண்டாவது பொம்மை ஒரு பெண். ஊதாச் சேலை, மஞ்சள் கரை, எண்ணெய்க் கறை எல்லாம் அடித்துவிட்டேன். வலது கை மட்டும் இன்னும் மாட்டவில்லை. வாள் பிடித்த கை ஒன்று இருக்கிறது, விளக்குப் பிடித்த கை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டம். எந்தக் கை என்று நீயே வந்து சொல். நைலான் சேலை கட்டிக்கொண்டு வராதே.