எக்ஸ்போர்ட்டும் என் நட்சத்திரமும்

துறைமுகத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காமல் ‘எக்ஸ்போர்ட்’ என்று பேரெடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அம்பத்தூரில் இருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பழைய கம்ப்யூட்டரில் இருந்த விவரங்களைப் புதியதில் திறந்தால் கோழி கிறுக்கியதுபோல் வரும். அதைப் புது புரோகிராமுக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். மாடிப்படிக்கு அடியில் கடை. வாசலில் ‘இம்போர்ட் – எக்ஸ்போர்ட் செய்து தரப்படும்’ என்று போர்டு. அதைப் பார்த்துவிட்டுப் பூந்தமல்லி தோல் வியாபாரி ஒருவர் வந்து, சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்ப வேண்டும் என்றார். எக்ஸ்போர்ட் அசரவில்லை.

“அனுப்பிடலாம் பாய். ஃப்ளாப்பியில அடங்குமா?”

ஃப்ளாப்பிகளை அவர் டிபன் கேரியரில்தான் வைத்திருப்பார். சாப்பாடு செய்தித்தாள் பொட்டலத்தில் வரும்.

நான் அப்போது ஒரு திருமணத் தகவல் மையத்தில் டைப்பிஸ்ட். ஊரார் வரனையெல்லாம் டைப் அடித்த எனக்கு மட்டும் வரன் அமையவில்லை. என் நட்சத்திரம் மூலம். மாமனாருக்கு ஆகாதாம். ஜாதகத்தைப் பார்த்தவர்கள் காபிக்குக்கூட நிற்க மாட்டார்கள். அலுவலகத்தில் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுவேன்.

மையத்துக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. வரன் விவரங்களை மாற்றிக் கொடுக்க எக்ஸ்போர்ட் வந்தார். மாற்றினார். புது புரோகிராமோ, கமாவைக் கண்டால் அடுத்த கட்டத்துக்குத் தாவுகிற ரகம். ‘நெமிலிச்சேரி, பட்டாபிராம்’ என்று விலாசம் கொடுத்தவர்களுக்கெல்லாம் பட்டாபிராம் போய் நட்சத்திரக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுநாளே ஒரு மாப்பிள்ளையின் அப்பா காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னா சார் இது, பொண்ணு நட்சத்திரம் பட்டாபிராம்னு போட்டுகீறீங்க? அது எந்த ராசி?”

“ரயில் நிக்கிற ராசி, நைனா. குந்து, மாத்தித் தரேன்” என்றார் எக்ஸ்போர்ட்.

அன்று முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். “ஒரு புள்ளிக்கு வால் மொளச்சா இன்னா ஆட்டம் ஆடுது பாரு தங்கச்சி!” என்று கமாவைத் திட்டிக்கொண்டே வந்தவர், என் வரியில் நின்றார்.

“மூலமா நீ?”

“ஆமாண்ணே. அதான் அடுத்தவங்க வரனையே டைப் அடிச்சிகினு கீறேன்.”

“ம்” என்றார். வேலை தொடர்ந்தது.

சில வாரத்தில் நசரத்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அப்பா லேத் பட்டறைக்காரர், வாய் ஓயாத மனிதர். அவர் பேச்சு எனக்குப் பிடித்துப் போயிற்று. “மகம்னு பாத்தவுடனே ஓடியாந்தேம்மா” என்றாரே பார்க்கலாம்! அம்மா பின்னாலிருந்து என்னைக் கிள்ளினாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஐயா, நான் மகம் இல்ல, மூலம். கம்ப்யூட்டர்ல தப்பா வந்துகீது.”

அவர் கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார்.

“மாமனாருக்கு ஆகாதுன்றாங்களே, அதுவா?”

“ஆமாங்க.”

“எண்ணெயில பொரிச்சதைத் தொட்டா நான் காலின்றார் டாக்டரு. அதுக்கே பயப்படல, உனக்கா பயப்படப் போறேன்? தட்டை இப்டி நவுத்தும்மா.”

அந்த மாமனார் பேரன் கல்யாணத்திலும் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

என் கல்யாணப் பத்திரிகையை எக்ஸ்போர்ட்டிடம் கொடுத்தபோது, “உங்க தப்பாலதான்ணே எனக்குக் கல்யாணமே” என்றேன். அவர் நிமிரவில்லை. “நான் இல்ல தங்கச்சி, கமா. அது பண்ற அட்டூழியம்” என்று பத்திரிகையை டிபன் கேரியரில் ஃப்ளாப்பிகளோடு பத்திரமாக வைத்தார்.

பிற்பாடு அந்த வேலையை நானும் கற்றுக்கொண்டேன். எங்கள் விலாசத்தில் இருந்தது மேனாம்பேடு என்ற ஒரே சொல்; கமாவே கிடையாது. இருந்திருந்தாலும், பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு சொல்லைத் தள்ளத்தான் கமாவுக்குத் தெரியும். மூலத்தை மகமாக்கத் தெரியாது.

அதற்கு ஒரு அண்ணன் வேண்டும்.