மூச்சே விடாமல் ஒரு பொய்

பொய் சொல்பவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். நல்ல நுரையீரலும் வேண்டும் என்பதைப் பெரிய காஞ்சிபுரத்தில் நாற்பது பேர் முன்னால் தெரிந்துகொண்டவன் நான்.

என் மனைவி கலைவாணி நர்ஸ். "சிகரெட்டை விட்டுட்டேன்" என்று சத்தியம் செய்துதான் அவளைக் கட்டிக்கொண்டேன். (விட்டது வீட்டுக்குள் மட்டும்.) பட்டுக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. ஒவ்வொரு டீக்கும் ஒன்று, அப்புறம் வாய் நிறைய ஏலக்காய். காலை இருமலுக்கு, "கடைத் தூசிமா" என்பேன். மூன்று வருடம் ஓடியது.

ஒரு ஞாயிறு, கல்யாண மண்டபத்தில் இலவச நுரையீரல் பரிசோதனை. குழாயில் ஊதினால் மூச்சின் வேகத்தை மிஷின் கோடாகக் காட்டும். வந்திருந்தவர்களில் ஊத ஒருவரும் முன்வரவில்லை. அங்கே டியூட்டியில் இருந்த கலைவாணிக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவனை அவள் மேடைக்கு இழுத்தாள்.

"இவரு என் வீட்டுக்காரரு. சிகரெட்டே தொடமாட்டாரு. நல்ல நுரையீரல் எப்டி ஊதுதுன்னு பாருங்க!"

ஊதினேன். இரண்டாவது நொடியிலேயே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கோடு எழுந்திருக்க நினைத்து, மனம் மாறிப் படுத்துவிட்டது.

"மிஷின் ரிப்பேர்" என்றேன், கண்ணில் நீரோடு.

முன்வரிசைப் பூக்காரம்மா எழுந்து வந்தார். "வேற குழா போடும்மா, நான் ஊதறேன்." ஒரே ஊது. கோடு கோபுரமாக நின்றது. கைதட்டல் வேறு!

கலை என்னைப் பார்த்தாள். "மிஷின் நல்லாத்தான் இருக்குது. எத்தினி வருஷமாங்க?"

"...நிறுத்தவே இல்ல."

அவள் கண் கலங்கியது. நானாக இருந்தால் மிஷினைத் தூக்கி அடித்திருப்பேன். அவளோ கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? மூச்சுக்குழாயில பொடி முடி மாதிரி இருக்குது. தூசி, சளியெல்லாம் அதுதான் வெளிய தள்ளும். சிகரெட் புகை அதைச் செயலிழக்க வச்சிடும். சளி தேங்கி, குழாய் வீங்கி, காத்து போற வழி சுருங்கிடும். இவருக்கே இப்டின்னா, பக்கத்துல நின்னு அந்தப் புகைய இழுக்கிற புள்ளைங்களுக்கு?"

குரல் நடுங்கவில்லை. அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஒரு நெசவாளர் பீடிக்கட்டை அவள் மேஜையில் வைத்துவிட்டே போனார். அவமானத்தில் எரிந்துகொண்டிருந்த எனக்கே அவளைக் கும்பிடத் தோன்றியது.

வீட்டில் ஒரே வாக்கியம்தான் பேசினாள்: "போனது முழுசா திரும்பாது, இருக்கிறதையாவது காப்பாத்தலாம்." அடுத்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனாள். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை விட்டேன். நான் எரிந்து விழுந்த நாட்களிலும் அவள் கூடவே இருந்தாள்.

ஏழு வருடம் ஆகிறது. இன்றும் நான் எதற்காவது சத்தியம் செய்தால், என் மகள் விளக்குமாற்றுக் குச்சியைக் குழாய் மாதிரி நீட்டுகிறாள்: "எங்க, ஊதிக் காட்டுப்பா!"