அசனப் பண்டிகையில் ஏழாவது பாட்டு

இந்த வருஷம் என் பெயரை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

களவு போன பெயர் அது. எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக நான் நேசையா வாத்தியார். போன வருஷம், 1911இல், சபையே கூடிச் சமைத்து உண்ணும் கோயில் அசனப் பண்டிகையில் என் மனைவி இன்பமணி ஒரு கீர்த்தனை பாடினாள். சபையே அழுதது. நானும்தான் அழுதேன், அது வேறு விஷயம். அன்றிலிருந்து நான் இன்பமணி புருசன். ஆற்றுக்குக் குளிக்கப் போனால், "இன்பமணி புருசன் வாராரு, வழி விடுலே" என்கிறார்கள். வழி விடுகிறார்கள், அதை மறுக்கவில்லை.

நல்லவேளை, பாட்டு வரிசை எழுதுவது என் வேலை. மொத்தம் ஏழு பாட்டு. ஆறாவது நான். நானே கட்டிய புதுக் கீர்த்தனை, சரணம் மட்டும் பதினாலு. ஏழாவது இன்பமணி. எங்கள் கோயிலில் அசனச் சோறு இறக்கியதும் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் பாட்டு நிற்கும், சபை இலைக்கு ஓடும். ஒரு வருஷமும் மூன்று மணிக்கு முன்னால் சோறு இறங்கியதில்லை. சாப்பிட்டு எழுந்தால் பொழுது சாய்ந்திருக்கும், எல்லாரும் வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள். ஆகவே மணி அடிக்கும்வரை சரணங்களைத் திருப்பித் திருப்பி நான் பாடுவேன். ஏழாவது பாட்டு காகிதத்திலேயே இருக்கும்.

அவள் பாடிப் பழகவும் கூடாதே. அதற்கும் ஒரு வழி செய்தேன்.

"ஏளா, இந்த வருஷம் அசன அடுப்புப் பொறுப்பை நீயே எடுத்துக்கிடு. உன்னை விட்டா யாரு இருக்கா?"

"நீங்க சொன்னா சரிதான். பாட்டுல நான் எத்தனாவது?"

"கடைசி. கடைசிதான் மரியாதை."

"பொறவு மாத்திப் போடாதீய. சபை மூப்பர் கையில எழுதிக் குடுத்துருங்க."

கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன்.

பண்டிகையன்று ஐந்து பாட்டு முடிந்தது. நான் எழுந்து தொண்டையைச் செருமிப் பல்லவியை எடுத்தேன். இரண்டாந்தரம் எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பதினொரு மணிக்கே! கோழி கூவுமுன் அடுப்பு மூட்டியிருக்கிறாள். எனக்கென்று மிஞ்சியவர் காது கேட்காத ஒரு பெரியவர். அவரையும் யாரோ கைபிடித்துக் கூட்டிப் போனார்கள்.

நானும் போய்ச் சாப்பிட்டேன். கறி அருமை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த உச்சிவெயிலில் யார் வீட்டுக்குப் போவார்கள்? வயிறு நிறைந்த சபை பந்தலில் சாய்ந்து உட்கார்ந்தது. மூப்பர் அப்பாத்துரை அண்ணாச்சி காகிதத்தை விரித்தார்.

"வே வாத்தியாரே, ஏழாவது பாட்டு இருக்கே."

"அண்ணாச்சி, என் ஆறாவதே பாதியில நிக்கி. பதினாலு சரணம்..."

"மணி அடிச்சா முடிஞ்சுதுன்னுதான் அர்த்தம். வரிசை நீரு எழுதினதுதானவே? உம்ம கையெழுத்துதான?"

இன்பமணி முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள். என் பக்கம் குனிந்து பைய கேட்டாள்.

"சுருதிப்பெட்டி போட ஆளில்லியே. நீங்க சும்மாதான இருக்கீய?"

பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டேன். மூப்பர் எழுந்து சபைக்கு அறிவித்தார்.

"அடுத்ததா இன்பமணி அம்மா பாடுவாங்க. சுருதி, அவங்க புருசன்."