நாலு ஞாயிறும் முந்நூறு ரூபாயும்

செஞ்சி,
திங்கட்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை நவீன் அவர்களுக்கு, மாமனார் சேசுராஜ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை ரீட்டாவும் சுகம். சென்னையில் தாங்களும் மகள் அனுவும் சுகமாயிருக்கப் பூசையில் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கத் தபால் எதற்கு என்பீர்கள். தாங்கள் அனுப்பிய பங்கு வாங்கும் ஆப் அந்தப் போனுக்குள்தான் குந்தியிருக்கிறது. அதன் காதுபட அதைப் பற்றிப் பேசலாமா?

"மல்லாட்டை வித்த அறுபதாயிரத்தை பேங்க்ல தூங்க வைக்காதீங்க மாமா, இந்த லிங்க்கை அமுக்குங்க" என்றீர்கள். அமுக்கினேன். அது கேமராவைக் கேட்டது, வருமானத்தைக் கேட்டது, முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. பெண் பார்க்க வந்தபோது உங்கள் வீட்டார்கூட அனுவிடம் இவ்வளவு கேட்கவில்லை. சந்தேகம் தட்டி, அதில் போட்டிருந்த நம்பருக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். "ஏம்மா, உங்க கடை செஞ்சில எங்க இருக்குது?" "கடை இல்ல சார், எல்லாம் ஆன்லைன்." "சரி, கல்லாவுல யாரு குந்தியிருக்கறது?" லைன் கட்டாகிவிட்டது. நேர்மையான கம்பெனிக்குக் கல்லாவில் ஒரு ஆள் இல்லாமலா போகும்?

போனைத் தூக்கிக்கொண்டு, வருஷா வருஷம் என் மல்லாட்டையை வாங்கும் கடலை வியாபாரி குணபாலன் நயினாரிடம் ஓடினேன். "இன்னா சேசு, மூட்டையை மேலாக்கப் பாத்துட்டு என்னிக்காச்சும் நான் விலை சொல்லியிருக்கனா? அடியில கைவுடு" என்றார். ரீட்டாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆப்பின் அடிவரை தள்ளிக்கொண்டே போனேன். எறும்பு சைஸ் எழுத்து. வருஷத்துக்கு ஒரு கட்டணம், விற்றால் ஒரு கட்டணம், எல்லாவற்றுக்கும் அடியில் 'லிங்க் அனுப்பி நண்பரைச் சேர்த்துவிடுபவருக்கு முந்நூறு ரூபாய்'.

"நண்பர் யாரு?"

"நான்தான் நயினாரே."

"முந்நூறு யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

நயினார் சிரித்த சிரிப்பில் எடைத்தட்டு ஆடியது.

மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல நீங்களா எனக்குப் போன் போட்டது ஒரே தடவை, அதுவும் கை தவறி. போன மாசம் பாத்தா நாலு ஞாயிறும் போன். "மாமா சாப்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்குது?" நானும் அந்தப் பெருமையைக் கோயில் வாசல்ல ஒரு ஆள் விடாம நிறுத்திச் சொல்லிட்டேன். இப்ப முட்டியைவிட அந்த முந்நூறுதான் வலிக்குது.

வேற ஒரு ஆப் பாத்தேன். 'இலவசம்'னு ஏழு இடத்துல எழுதியிருக்குது. ஏழு தடவை சத்தியம் பண்றவனை நான் சந்தையில நம்பினதில்ல. எங்க பேங்க் ஆப்ல கட்டணம் கொஞ்சம் கூடத்தான், ஆனா மேனேஜர் அமலாவோட வீடு எனக்குத் தெரியும். ஒன்னுன்னா போய்க் கதவைத் தட்டலாம். ஆகவே அதில் சேர்வதென்றும் தங்கள் லிங்க்கை இனித் தொடுவதில்லை என்றும் உறுதியாக முடிவெடுத்துவிட்டேன்.

அனுவுக்கு எங்கள் முத்தங்கள். தங்களுக்கு ஆசீர். சம்பந்தியாரை விசாரித்ததாகச் சொல்லவும், முந்நூறு விஷயம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
சேசுராஜ்

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் ரீட்டா படித்துவிட்டாள். "முந்நூறுக்கு நாலு போன்னா, ஒன்னு எழுபத்தஞ்சு. மாப்பிள்ளை குரலுக்கு அது மலிவுதாங்க" என்றாள். ஆகையால் தங்கள் லிங்க்கிலேயே கண் சிமிட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கடைசிப் பச்சைப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. அதை அமுக்கினால்தான் தங்களுக்கு முந்நூறு வருமாம். கிறிஸ்துமசுக்கு நீங்களும் அனுவும் வந்து, இலை போட்டு உட்கார்ந்த பிறகு அமுக்குகிறேன். அதுவரை முட்டி வலி ஞாயிறுதோறும் இருக்கும்.