பினாயில் அக்காவும் தீவு மாப்பிள்ளையும்

நாமக்கல் மாவட்டத்தில் பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற அத்தனை பேருடைய பாதங்கள் மீதும் சந்தேகம் கொண்டிருந்த ஒரே ஜீவன் பினாயில் அக்காதான். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கா முகத்தைப் பார்க்கவே மாட்டார். யார் வந்தாலும் பார்வை நேராகச் செருப்புக்குத்தான் போகும். எதிரில் நிற்பது மாவட்ட ஆட்சியரா, தண்ணீர் கேன் போடுகிறவரா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது எங்கள் விடுதி. வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாக்கில் அறுத்துத் தொட்டியாகப் போட்டிருப்பார், அங்கேயே எங்களோடு தங்கியிருந்த அக்கா. அதில் பால் மாதிரி வெள்ளையாகப் பினாயில் தண்ணீர். உள்ளே போகிற யாரும் செருப்போடு அதில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பள்ளிபாளையத்து விசைத்தறிக் குடும்பமான எங்கள் வீட்டில், பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பட்டமும் வாங்கி, நாமக்கல்லில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலையும் வாங்கி, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி வந்து இறங்கினேன்.

"தொட்டியில கால வெச்சிட்டு வா சாமி."

"நான் பி.காமுங்க."

"பி.காமுக்குக் காலு இல்லையா?"

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அப்பா, ஏதோ தீர்த்தம் என்று நினைத்துவிட்டார். குனிந்து கொஞ்சம் எடுத்துத் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

அக்கா ஊருக்கு வெளியே ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வையாளர். நோய் உள்ளே வராமல் காப்பதுதான் வேலை. தீவன லாரி வந்தால் சக்கரத்துக்கு மருந்தடிப்பார். மனிதர் வந்தால் காலை நனைக்க வைப்பார். அந்தப் பண்ணையில் ஒரு விதி உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டுக்குப் போகக் கூடாது, அந்தக் கோழியைத் தொட்டவர்கள் பக்கத்திலும் போகக் கூடாது. போனால் பல நாள் பண்ணைக்குள் நுழைய முடியாது. மற்றவர்கள் அந்த விதியைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டார்கள். அக்கா ஒருவர்தான் அதை நம்பினார்.

சிக்கல் என்னவென்றால், தம்மம்பட்டியில் தனியாக இருந்த அக்காவின் அம்மாவுக்கு நாட்டுக்கோழிகள்தான் துணை. எனவே அக்கா பொங்கலுக்கும் ஊருக்குப் போக மாட்டார். அம்மாதான் பஸ் ஏறி வருவார். வந்தாலும் சாலையின் அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள். நடுவில் லாரிகள்.

"சாப்டியாடி?"

ஒரு லாரி போகும்.

"என்னது?"

"சாப்டியான்னேன்!"

"சாப்ட்டேன்! கிட்ட வராத!"

"முறுக்கு சுட்டாந்தேன்!"

"அந்தக் கல்லு மேல வெச்சிட்டுத் தள்ளி நில்லு!"

அம்மாவின் பஸ் போன பிறகு அக்கா போய்ப் பொட்டலத்துக்கு மருந்தடித்து எடுத்துவந்து எங்களுக்குக் கொடுப்பார். பினாயில் வாசத்தோடு முறுக்குத் தின்ற ஒரே கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒருமுறை அம்மா, "கோழிய எல்லாம் வித்துடட்டுமாடி?" என்று கத்தினார். "வித்துட்டு? ஊட்டுல யாருகூடப் பேசுவ?" என்று அக்கா திருப்பிக் கத்தினார். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. லாரியும் எதுவும் வரவில்லை.

சரி, பண்ணைக்குத் தொட்டி வேண்டும். கோழியே இல்லாத விடுதிக்கு எதற்கு? காரணம் அக்காவின் அறைச் சுவரில் இருந்தது. நாங்கள் சாமி படமும் நடிகர் படமும் ஒட்டியிருந்த இடத்தில் அக்கா ஒரு பன்றியை ஒட்டியிருந்தார். சாதாரணப் பன்றி இல்லை. கன்னத்தில் பெரிய பெரிய மரு. தலையிலிருந்து முதுகுவரை சலூனில் உட்கார்ந்து செய்துகொண்ட மாதிரி சிலிர்த்து நிற்கிற முடி. பிலிப்பைன்ஸில் விசாயன் தீவுகளில் மட்டுமே வாழ்கிற காட்டுப் பன்றி அது. ஜோடி சேரும் பருவம் வந்தால் ஆணுக்கு முடி நீளமாக வளர்ந்து கண்ணை மறைக்கும். அதனால் அக்கா அவனுக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை அங்கே ஒரு காப்பகத்தில் இருந்தான். காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட நீனா என்ற பெண், கால்நடை வளர்ப்பவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில், செலவில்லாமல் கிருமியைத் தடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாள். நம் அக்கா பீப்பாய்த் தொட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து ஞாயிறு மதியம் தோறும் வீடியோ அழைப்பு. மற்றவர்கள் ஊருக்குப் போய்விட, போகாமல் தங்கிவிட்ட நாங்கள் நாலு பேர் மட்டும் சாப்பிடும் நேரம் அது. அக்காவுக்கும் ஆங்கிலம் வராது, நீனாவுக்கும் வராது. எனவே இருவரும் தயங்காமல் ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"லெக் வாஷ்? ஆல் பீப்பிள் லெக் வாஷ்?"

"எஸ், சிஸ்டர்! ஆல் லெக்!"

"மாப்பிள்ளை ஈட்டிங்?"

"ஈட்டிங், ஈட்டிங்!"

உடனே திரையில் மாப்பிள்ளை சர்க்கரைவள்ளிக் கிழங்கை நொறுக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அக்கா தன் தட்டில் கை வைப்பார்.

"அங்க அவங்க தொட்டி வெக்கறப்ப நாம வெக்காட்டி நல்லாருக்குமா?" என்பது அக்காவின் வாதம். "அந்த ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சலு செருப்புல ஒட்டிக்கிட்டே ஊரு ஊரா போவுது. வந்துட்டா மருந்து கெடையாது. நம்மூரு லாரி காஷ்மீர் போவுது, போர் போடற ரிக் வண்டி ஆப்பிரிக்கா போவுது. ஒரு செருப்பு தீவுக்குப் போவ எவ்ளோ நேரம்?"

"நடுவுல அவ்ளோ பெரிய கடலு கெடக்குதுங்களே, அதுல கழுவுனாப் பத்தாதுங்களா?" என்பார் வார்டன் அம்மா.

பன்றியை யாரும் வசவாகப் பயன்படுத்துவதை அக்கா அனுமதிக்க மாட்டார். ஒருநாள் ராசிபுரம் பஸ்ஸில் நடத்துநர் ஒருவர் யாரையோ "பன்னி" என்று திட்டிவிட்டார். பஸ் ராசிபுரம் சேரும்வரை அவருக்கு விடுதலை இல்லை. "அது பழத்தத் தின்னு கொட்டையப் போடற எடத்துலதான் அந்தத் தீவுல காடே மொளைக்குது. நீ இதுவரைக்கும் என்னத்த மொளைக்க வெச்ச?" நடத்துநர் பயணச்சீட்டு கிழிக்கிற பாவனையில் கூட்டத்துக்குள் புகுந்து தப்பித்தார்.

அக்காவை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் சுகன்யா. கொல்லிமலை அடிவாரத்துப் பெண். டாக்டர் படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சிக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தாள்.

"எங்க காட்டுல பன்னி பூந்து குச்சிக்கெழங்க எல்லாம் நோண்டிருச்சுங்க்கா. எங்கப்பா தூக்கமில்லாம டின்னு தட்டறாரு. நீங்க என்னடான்னா பன்னி தின்னுதான்னு விசாரிச்சிட்டு இருக்கறீங்க!"

"தீவுலயும் அதே கததான். காட்ட வெட்டிக் கரும்பு போட்டாங்க. அதுக்குத் திங்க எதுவும் இல்ல. தோட்டத்துக்கு வந்தா அடிச்சிடறாங்க." அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டார். "உங்க பன்னிக்கு இந்த மலை இல்லாட்டி அந்த மலை. தீவுப் பன்னிக்குச் சுத்தியும் கடலு சாமி. எங்க போவும்?"

சுகன்யா தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தாள்.

இங்கே இடம் கிடைக்காமல், கடைசியில் சுகன்யாவுக்குப் பிலிப்பைன்ஸிலேயே மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வழியனுப்ப எல்லோரும் ஊறுகாய், பருப்புப் பொடி என்று கொடுத்தார்கள். அக்கா அவளுடைய புதுக் கறுப்பு ஷூவை வாங்கி, பினாயிலோடு பிளீச்சிங் பவுடரும் கலந்து ஊறவைத்துவிட்டார். வெளியே எடுத்தபோது அது புள்ளிப் புள்ளியாக கறுப்புவெள்ளைச் சீமைமாடு மாதிரி இருந்தது.

"ஏனுங்க, எம்புள்ள டாக்டருக்குப் படிக்கப் போவுதுங்களா, பன்னி மேய்க்கப் போவுதுங்களா?" என்றார் சுகன்யாவின் அம்மா.

"பன்னி மேய்க்கப் போச்சுன்னா இன்னொருக்கா ஊறப் போட்டிருப்பேனுங்க."

சுகன்யா அந்தப் புள்ளி ஷூவோடுதான் விமானம் ஏறினாள். "அப்படியே ஒரு எட்டு மாப்பிள்ளையப் பாத்துட்டு வா" என்றார் அக்கா.

"அது வேற தீவுங்க்கா. நடுவுல கடலு."

"கடலுன்னா? ராசிபுரம் தூரம் இருக்குமா?"

சில மாதங்களில் காய்ச்சல் அந்தத் தீவுக்கே வந்துவிட்டது. பக்கத்துக் கிராமங்களில் வீட்டுப் பன்றிகள் சாகின்றன என்று நீனா சொன்ன ஞாயிறுதான் கடைசி. அதன் பிறகு அழைப்பு வரவில்லை. அக்கா வழக்கம்போல கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். தட்டில் சோறு காயும். எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரை மாற்றுவார். திரும்ப வந்து உட்கார்வார். மறுபடியும் மாற்றுவார்.

அவரிடம் என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. மனிதர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகலாம். பன்றிக்கு என்ன ஆச்சோ என்று உட்கார்ந்திருப்பவரை எப்படி விசாரிப்பது? அதற்கு எந்த ஊரிலும் வழக்கம் இல்லை. கடைக்குப் போய்வந்த வார்டன் அம்மா, யாரும் சொல்லாமலே தொட்டியில் இறங்கி, புடவைக் கரை நனையும்வரை நின்றுவிட்டு வந்தார். அதுதான் எங்கள் விசாரிப்பு.

பிறகு ஒரு ஞாயிறு கைபேசி அடித்தது. நீனா இல்லை, சுகன்யா. விடுமுறையில் கப்பல் ஏறி அந்தத் தீவுக்கே போயிருந்தாள். திரையில் ஒரு பெரிய கேட். அதன் முன்னால் நீளவாக்கில் அறுத்த பீப்பாய். அதில் நின்றுகொண்டிருந்தது புள்ளி ஷூ.

"உள்ள விட மாட்டேங்கறாங்கக்கா!" அழாத குறை. "கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன். கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க! காய்ச்சல் வந்ததுல இருந்து போனக்கூட உள்ள விடறதில்லையாம்!"

அக்கா எழுந்து நின்றார். "செருப்பக் கழட்டிட்டு வரேன்னு கேட்டியா?"

"கேட்டேன்!"

"குளிச்சிட்டு வரேன்னியா?"

"சொன்னேன்!"

"என்னைத் தெரியும்னு சொன்னியா?"

"உங்க போட்டோவே காட்டினேங்க்கா!"

"அப்பவும் விடலையா?"

"விடலை!"

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். பொண்ணு வீட்டார் சம்மதம் சொல்லிவிட்ட மாதிரி முகம். "விடலையாம்! எம்பேரச் சொல்லியும் விடலையாம்!" என்று கைதட்டினார்.

கேட்டுக்கு உள்ளே வெகு தூரத்தில், தொப்பி போட்ட ஒரு உருவம் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு கத்தியது. கடலைத் தாண்டி, லேத் பட்டறை இரைச்சலைத் தாண்டி, அது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

"சிஸ்டர்! மாப்பிள்ளை ஈட்டிங்! ஈட்டிங்!"

அக்காவின் கண்ணில் தண்ணீர். தொட்டித் தண்ணீரை மாற்றிவந்த கை முழுக்கப் பினாயில் என்பதால் துடைக்கவும் முடியாமல் நின்றார். வார்டன் அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

அடுத்த வருடம் எனக்குச் சேலத்துக்கு மாற்றலானது. என்னை அழைத்துப்போக வந்த அம்மா, மகளை இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு மரியாதையாக, வார்டன் அம்மாவுக்கு உயிரோடு ஒரு நாட்டுக்கோழியைக் கூடையில் கொண்டுவந்திருந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் அக்கா பண்ணையிலிருந்து வந்து சேர்ந்தார். கோழியைப் பார்த்ததும் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஓடப் பார்த்தேன்.

"அங்கயே நில்லு! கிட்ட வராத!"

நின்றேன்.

"சேலத்துல தனி ரூமா?"

ஒரு லாரி போனது.

"என்னதுங்க்கா?"

"தனியாவா இருக்கப் போறன்னேன்!"

"ஆமாங்க்கா!"

இன்னொரு லாரி. அது போனபோது அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேளைக்குச் சாப்புடு!"

எங்கள் பஸ் தெருமுனையில் திரும்புகிறவரை அவர் அந்தப் பக்கத்திலேயே நின்றார். கிட்டே வரவே இல்லை. அப்படிச் சாலைக்கு அப்பால் நிறுத்திவைத்து அவர் கத்திப் பேசிய ஆள், அவருடைய அம்மாவுக்கு அடுத்து நான்தான்.